நாலு பக்கம் அளந்தா மனையை அளந்ததா ஆகுமா? - வாசகர் கேள்வி பதில்

போன மாசம் வீடு, மனை சம்பந்தமா என்ன கேள்வி இருந்தாலும் அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். வந்து குவிஞ்சதுல நெறைய கேள்வி நிலம் அளக்கறது பத்தித்தான். நான் சர்வே வேலைல இருந்தவன், அப்புறம் அதையே பசங்களுக்கு சொல்லிக்குடுத்தவன், அதனால இந்த தடவை முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன்.

40-க்கு 60 மனைக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கேன். நானும் தம்பியும் டேப் புடிச்சு நாலு பக்கமும் அளந்தோம், 40, 60, 40, 60 அடி கரெக்டா இருக்கு. ஆனா சர்வேயர் வந்து பார்த்துட்டு 2400 சதுரடி வராதுங்கறார். நாலு பக்கமும் சரியா இருக்கறப்ப எப்படிங்க குறையும்?
- பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

அவர் சொல்றது சரியா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கும்மா. வீட்ல ஒரு காலி தீப்பெட்டி இருந்தா உள்பெட்டிய உருவிட்டு வெளிக்கூட்டை மட்டும் கைல எடுத்து லேசா ஒரு பக்கமா சாய்ச்சு பாருங்க. நாலு பக்கத்தோட நீளமும் மாறவே இல்ல, ஆனா உள்ள இருக்கற எடம் சுருங்கிட்டே போகும், கடைசில தட்டையா படுத்துரும். மனையும் அதே மாதிரிதான், நாலு பக்கத்த மட்டும் வச்சு பரப்பு சொல்லவே முடியாது, மூலைக்கு மூலை குறுக்களவு ஒண்ணாவது வேணும்.

உங்க மனை நெஜமாவே சதுரமட்டமா, அதாவது நாலு மூலையும் 90 டிகிரியா இருந்தா மூலைக்கு மூலை 72 அடி 1 இன்ச் வரணும், ரெண்டு குறுக்கும் ஒரே அளவா வரணும். இப்ப ஒரு குறுக்கு 60 அடிதான் வருதுன்னு வச்சுக்குங்க, அப்ப மனை ரெண்டு முக்கோணம், ஒவ்வொண்ணும் 40, 60, 60. மூணு பக்கத்த வச்சு முக்கோணத்தோட பரப்பு சொல்ற ஹெரான் சூத்திரம் பசங்களுக்கு நடத்தியிருப்பீங்க, அதுல போட்டா ஒரு முக்கோணம் சுமார் 1131 சதுரடி, ரெண்டும் சேர்ந்து 2263. ஒரு கிரவுண்டுன்னு நெனச்சு காசு குடுக்கற எடத்துல 137 சதுரடி இல்ல! டேப்ல எந்த தப்பும் இல்ல, நாலு பக்கமும் இன்ச் சுத்தமா சரி, ஆனாலும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். பக்கங்கள் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா இருக்கற மனைல எதிரெதிர் பக்கத்த கூட்டி ரெண்டால வகுத்து, ரெண்டு சராசரியையும் பெருக்கி பரப்பு சொல்ற பழக்கம் ஊர்ல எல்லா புரோக்கர்கிட்டயும் இருக்கு. அந்த கணக்கு மனை சரியான செவ்வகமா இருந்தா மட்டும் சரியா வரும், மத்த எல்லா வடிவத்துக்கும் நெஜத்தைவிட அதிகமாத்தான் காட்டும், குறைச்சு காட்டவே காட்டாது. அதாவது தப்பு எப்பவும் விக்கறவங்க பக்கமே சாயும். அதனால ரெண்டு குறுக்கையும் அளங்க. ஒண்ணு பரப்பு கண்டுபுடிக்க, இன்னொண்ணு மொத அளவு எல்லாம் சரியான்னு பார்க்க. ரெண்டாவதை யாரும் அளக்கறதில்ல, அதுதான் எனக்கு வருத்தம்.

எங்க நிலத்துக்கு பழைய எஃப்.எம்.பி.ல (நிலத்தோட சர்வே வரைபடம்) அளவு லிங்க்ஸ்ல இருக்கு, பட்டால 0-40.50ன்னு போட்டிருக்கு. பங்காளி வீட்டுல இருக்கற பழைய 30 மீட்டர் சங்கிலிய போட்டு அளந்தா நிலம் அரை சென்ட்டுக்கு மேல குறையுது, யாரோ வரப்ப தள்ளிட்டாங்கன்னு வீட்ல ஒரே சண்டை.
- விவசாயி, மணப்பாறை

சண்டைய கொஞ்சம் நிறுத்தி வைங்க ஐயா, மொத சங்கிலிய சந்தேகப்படுவோம்.

பட்டால 0-40.50ன்னா 0 ஹெக்டேர், 40.50 ஏர். ஒரு ஏர்ங்கறது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். அப்ப உங்க நிலம் 4050 சதுர மீட்டர், கிட்டத்தட்ட சரியா ஒரு ஏக்கர். லிங்க்ஸ்ங்கறது 66 அடி சங்கிலியோட நூத்துல ஒரு பங்கு, 7.92 இன்ச். எட்மண்ட் கன்டர்னு ஒரு கணக்கு வாத்தியார் 1620 வாக்குல இங்கிலாந்துல உண்டாக்கின சங்கிலி அது. ஏன் 66 அடின்னு எல்லாரும் கேப்பாங்க. 10 சதுர சங்கிலி சேர்ந்தா ஒரு ஏக்கர், 80 சங்கிலி ஒரு மைல், அதுக்குத்தான். நம்ம சென்ட்டும் இதுல அழகா உக்காரும், 1000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். பழைய எஃப்.எம்.பி.ல லிங்க்ஸ்ல பெருக்கி மூணு சைபர் தள்ளினா சென்ட் வந்துரும், அந்த காலத்து கணக்கப்பிள்ளைங்க காகிதமே இல்லாம போட்ட கணக்கு இது.

இப்ப சங்கிலி விஷயம். 30 மீட்டர் சங்கிலில 150 லிங்க் இருக்கும், நடுவுல எல்லாம் வளையம். வருஷக்கணக்கா இழுத்து இழுத்து வளையம் வாய் பொளந்து சங்கிலி நீண்டு போயிரும், உங்களுது ஒரு 10 சென்டிமீட்டர் நீண்டிருக்குன்னு வைங்க. நெஜத்துல அது 30.10 மீட்டர், ஆனா நீங்க ஒவ்வொரு தடவையும் 30ன்னுதான் எண்ணுவீங்க. சங்கிலி நீண்டா அளவு குறையும், இது எல்லாருக்கும் தலைகீழா தோணும். நீளத்துல 300-க்கு ஒண்ணு குறைஞ்சா பரப்புல ரெண்டு மடங்கா குறையும், ஒரு ஏக்கர் 99.34 சென்ட்டுன்னு காட்டும். கிட்டத்தட்ட 290 சதுரடி காணாம போன மாதிரி இருக்கும், வரப்பு அங்கயேதான் இருக்கும். உங்களுக்கு குறையற அரை சென்ட்டும் இந்த கணக்குக்குள்ளதான் வருது பாருங்க.

கடைல புது ஸ்டீல் டேப் ஒண்ணு வாங்கி, சமதரைல அந்த சங்கிலிய பக்கத்துல நீட்டி வச்சு பாருங்க, பங்காளிய கூட நிக்க வச்சுட்டே பாருங்க. துணி டேப் வேண்டாம், அதுவும் இழுத்தா நீளும்.

"ஒர்க் ஃப்ரம் ஹோல் டு பார்ட்"னு (முழுசுலேர்ந்து பகுதிக்கு போகணும்னு) சார் போர்டுல எழுதிப்போட்டார், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டேன். சைட்ல இதுக்கு என்னதான் அர்த்தம்?
- பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்

தம்பி, சர்வேல இந்த ஒண்ணு புரிஞ்சா மிச்சம் எல்லாம் தானா புரியும்.

அஞ்சு ஏக்கர்ல லேஅவுட் போடறாங்க. ஒருத்தர் கிழக்கு மூலைல மொத மனைய அளந்து கல்லு போடறார், அதை ஒட்டி ரெண்டாவது, மூணாவதுன்னு போய்ட்டே இருக்கார். ஒவ்வொரு மனைக்கும் வெறும் 2 சென்டிமீட்டர் தப்பு, ஒரே பக்கமா, கண்ணுக்கே தெரியாது. 20 மனை தாண்டறப்ப 40 சென்டிமீட்டர் ஆயிருச்சு, கடைசி மனைய வாங்கினவர் தலைல மொத்தமும் விழுது. இது பகுதிலேர்ந்து முழுசுக்கு போறது. சரியான வழி என்னன்னா மொத நிலத்தோட வெளி எல்லைய சுத்தி டிராவர்ஸ் ஓட்டி, அதாவது மூலைக்கு மூலை தூரமும் கோணமும் அளந்துட்டே போய், கெளம்புன புள்ளிக்கே திரும்பி வந்து மூடணும். அஞ்சு மூலைன்னா உள்கோணம் எல்லாம் கூட்டி 540 டிகிரி வருதா, தூரம் வந்து சேருதான்னு பார்த்து, இருக்கற சின்ன தப்ப எல்லா பக்கத்துக்கும் பிரிச்சு விட்டு, அப்புறம் ரோடு, அதுக்கப்புறம் மனை. இப்ப தப்பு நடந்தாலும் அந்த வெளி எல்லைக்குள்ளயே அடங்கிரும், வளந்துட்டு போகாது.

இதுக்கு உலகத்துலயே பெரிய உதாரணம் நம்ம சென்னைலதான் இருக்கு. 1802 ஏப்ரல் 10, பரங்கிமலைய ஒட்டின சமவெளில வில்லியம் லாம்டன்ங்கற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒரே ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பிச்சார். சுமார் ஏழரை மைல், 100 அடி ஸ்டீல் சங்கிலி, முடிக்க 57 நாள்! (அந்த சங்கிலிக்கே ஒரு கதை உண்டு, பிரிட்டன்லேர்ந்து சீனச் சக்கரவர்த்திக்கு பரிசா கொண்டு போய், அவர் வேண்டாம்னுட்டு, கடைசில இங்க வந்து சேந்த சங்கிலி.) ஏன் அத்தனை நாள்னா, சங்கிலி தரைல படாம மரப்பெட்டிக்குள்ள வச்சு, முக்காலி மேல தூக்கி, தெர்மாமீட்டர் வச்சு சூடு குறிச்சு அளந்தாங்க. ஸ்டீல் 10 டிகிரி சூடு ஏறினா 100 அடிக்கு மூணரை மில்லிமீட்டர் நீளும். மூணரை மில்லிதானேன்னு விட்டா, ஏழரை மைலுக்கு சங்கிலிய 400 தடவை வைக்கறப்ப 1.4 மீட்டர்.

அந்த ஒரு கோட்டை வச்சு அதுக்கப்புறம் கோணம் மட்டுமே பார்த்து முக்கோணம் முக்கோணமா நாடு முழுக்க போனாங்க, ஒரு பக்கமும் கோணமும் தெரிஞ்சா மத்த பக்கம் கணக்குல வந்துரும். முக்கோணத்துக்கு ரெண்டு கோணம் போதும்னு உனக்கு தெரியும், ஆனா மூணையும் அளந்தாங்க. அதோட விடல, 1804ல பெங்களூர்கிட்ட இன்னொரு நேர்கோட்டை மறுபடி தரைல அளந்து, முக்கோணக் கணக்குல வந்த நீளத்தோட ஒப்பிட்டு பார்த்தாங்க, வித்தியாசம் சில இன்ச்தான். அந்த ரெண்டாவது கோட்டை அளக்காம இருந்திருந்தா மொத கோட்டை நம்பறதுக்கு காரணமே இல்ல தம்பி. பின்னாடி எவரெஸ்ட் சிகரத்தோட உயரம் கணக்கிட்டதும் இதே வேலையோட தொடர்ச்சிதான்.

மழை பெஞ்சா ரோட்டுத் தண்ணி முழுக்க எங்க மனைக்குள்ளதான் வருது. வீடு கட்டறதுக்கு முன்னாடி எவ்ளோ ஒசத்தணும்னு மேஸ்திரி டியூப் லெவல் புடிச்சு ஒரு அளவு சொல்றார், இன்ஜினியர் மெஷின் வச்சு வேற சொல்றார். யாரை நம்பறது?
- இல்லத்தரசி, கடலூர்

டியூப் லெவலை குறைச்சு மதிப்பிடாதீங்கம்மா. ரப்பர் குழாய்ல தண்ணி ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல நிக்கும்ங்கறது எந்த மெஷினும் பொய்யாக்க முடியாத விஷயம். ஆனா குழாய்க்குள்ள ஒரு காத்துக்குமிழ் மாட்டிக்கிச்சுன்னா போச்சு, ரெண்டு பக்கமும் வேற வேற மட்டம் காட்டும். குழாய் முழுக்க ஒரு தடவை கண்ணால பார்க்கணும், அப்புறம் ரெண்டு முனையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே மட்டம் காட்டுதான்னு பார்த்துட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கணும்.

ஆட்டோ லெவல் மெஷின் வேலை செய்யறதும் கிட்டத்தட்ட அதே கதைதான், அது கண்ணால ஒரு சமமட்டக் கோடு போடுது. ரோட்டு நடுவுல ஸ்டாஃப (அளவு குறிச்ச நீளமான பட்டை) நிக்க வச்சு பார்த்தா 1.420ன்னு வருது, அதே மெஷினை அசைக்காம உங்க மனைல ஸ்டாஃப வச்சா 1.875. எண்ணு பெருசா வந்தா எடம் பள்ளம், இதுல எல்லாரும் கொழம்புவாங்க. கழிச்சா 0.455 மீட்டர், ஒன்றரை அடி பள்ளம். அது மேல இன்னும் எவ்ளோ தூக்கணும்ங்கறது உங்க தெரு எப்படி, ரோடு மறுபடி மறுபடி ஒசருமாங்கறத பொறுத்தது, பழைய தாரை சுரண்டாம மேலயே போட்டுட்டே போற தெருவா இருந்தா அதையும் கணக்குல வைங்க.

ரெண்டு பேருக்கும் வேற வேற வருதுன்னா ரோட்ல எந்த எடத்த ரெண்டு பேரும் எடுத்தாங்கன்னு மொத கேளுங்க. ரோட்டு நடுவுக்கும் ஓரத்துக்குமே சில இன்ச் வித்தியாசம் இருக்கும், ஏன்னா தண்ணி வடியறதுக்காக ரோட்டை நடுவுல ஒசத்தித்தான் போடறது. மாறாத ஒரு எடத்த, அடுத்த வீட்டு வாசப்படி, மதகு, சிறுபாலம் மாதிரி ஏதாவது ஒண்ண, 100.000ன்னு வச்சுக்கிட்டு ரெண்டு பேரையும் அதுலேர்ந்து சொல்லச் சொல்லுங்க. சர்வேல அதுக்கு பெஞ்ச் மார்க்னு பேர். ரயில்வே ஸ்டேஷன் பேர்ப்பலகைல கீழ கடல் மட்டத்துலேர்ந்து இத்தனை மீட்டர்னு எழுதியிருக்கும் பார்த்திருப்பீங்க, அதுவும் இதே வகைதான், அங்க பெஞ்ச் மார்க் கடல்.

வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு வாய்க்காலுக்கு நான் லெவல் எடுத்தேன். 2000-க்கு ஒண்ணு சரிவு, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு மொத்தமே 50 சென்டிமீட்டர்தான் இறக்கம். ஒரு எடத்துல ஸ்டாஃப்ல 10 சென்டிமீட்டர் மாத்தி படிச்சுட்டேன். சாயங்காலம் ஆயிருச்சுன்னு திரும்பி பெஞ்ச் மார்க்குக்கு வந்து மூடாம போய்ட்டேன். 10 சென்டிமீட்டர்ங்கறது அந்த வாய்க்கால்ல 200 மீட்டர் நீளத்தோட சரிவு முழுக்க! வெட்டி முடிச்சு தண்ணி விட்டப்ப நடுவுல தேங்கி நின்னுச்சு, கடைமடைல நாத்து விட்டவங்க வந்து வாய்க்கால் கரைல நின்னாங்க, ஒண்ணும் சொல்லல, தண்ணியத்தான் பார்த்துட்டு நின்னாங்க. மறுபடி வெட்ட பத்து நாள் ஆச்சு. திரும்ப வந்து மூடியிருந்தா அன்னிக்கே ஒரு மணி நேரத்துல புடிச்சிருக்கலாம். அதனாலதான் உங்ககிட்டயும் சொல்றேன், இன்ஜினியர் லெவல் எடுத்து முடிச்சதும் மெஷினை வேற எடத்துல மாத்தி வச்சு ரெண்டே ரெண்டு புள்ளிய மறுபடி பார்க்கச் சொல்லுங்க. தயங்காம கேளுங்க, நல்ல இன்ஜினியர் கோச்சுக்க மாட்டார்.

போன்ல மேப்ப தொறந்து எல்லைல நடந்தே நிலத்த அளந்துரலாம்ங்கறாங்களே?
- ஐ.டி. ஊழியர், கோவை

எத்தனை ஏக்கர் தேறும்னு தோராயமா தெரிஞ்சுக்க நடக்கலாம், எல்லைக் கல்லு போட கூடாது. போன் ஜி.பி.எஸ். நல்ல திறந்த வெளிலயே அஞ்சு மீட்டர் வரைக்கும் தள்ளி காட்டும், 40 அடி மனையோட அகலமே 12 மீட்டர்தான், பாதி மனை பக்கத்து வீட்டுக்குள்ள போயிரும். மரம், மாடி வீடு பக்கத்துல இருந்தா இன்னும் மோசம். சர்வேயருங்க கொண்டு வர்ற டி.ஜி.பி.எஸ். வேற ஜாதி, இடம் துல்லியமா தெரிஞ்ச ஒரு ஸ்டேஷன்லயும் உங்க நிலத்துலயும் ஒரே நேரத்துல அதே செயற்கைக்கோள்களை பார்த்து, ரெண்டுக்கும் பொதுவான தப்ப கழிச்சு, சென்டிமீட்டர் கணக்குல சொல்லும். அங்கயும் ரெண்டாவது ஆள்தான் காப்பாத்தறார் பாருங்க.

வாஸ்துக்கு போன் காம்பஸ் வச்சு பார்த்தா வாசல்ல ஒரு திசை, மாடில வேற திசை காட்டுது.
- வாசகர், ஈரோடு

மாடி முழுக்க கம்பிங்க. காந்த ஊசி இரும்ப பார்த்து இழுபடும், இதுக்கு லோக்கல் அட்ராக்ஷன்னு பேர், கைல வாட்ச், சாவி இருந்தாலே அசையும். கட்டடத்த விட்டு வெட்டவெளிக்கு வந்து, ஒரு கோட்டை இந்த முனைலேர்ந்தும் அந்த முனைலேர்ந்தும் பாருங்க, சரியா 180 டிகிரி வித்தியாசம் வந்தா நம்பலாம்.

கொடைக்கானல் பக்கம் சரிவுல எடம் வாங்கினேன். தரையோட டேப் வச்சு அளந்தா பட்டாவைவிட அதிகமாவே வருது, லாபம்தானே?
- ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, மதுரை

இல்லீங்க சார். பட்டால இருக்கறது சமமட்டப் பரப்பு, மேலேர்ந்து சூரியன் நேரா அடிச்சா விழற நிழல் மாதிரி. 20 டிகிரி சரிவுல தரையோட 30 மீட்டர் அளந்தா அது வரைபடத்துல 28.19 மீட்டர்தான். டேப்ப மட்டமா புடிச்சு, தூக்குகுண்டு விட்டு, படிப்படியா எறங்கி அளந்து பாருங்க, பட்டா அளவுக்கு வந்துரும்.

எல்லைக்கல்லு காணோம். பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட ஆரம்பிச்சுட்டார்.
- பெயர் வேண்டாம்னு கேட்டவர், தஞ்சாவூர் மாவட்டம்

வேலி போட்டு முடிக்கறதுக்குள்ள தாலுகா ஆபீஸ்ல எஃப்-லைன் மனு குடுங்க, அதாவது வயலோட எல்லைக்கோட்டை அளந்து காட்டச் சொல்ற மனு, இப்ப இணையத்துலயும் குடுக்கலாம். பட்டா, எஃப்.எம்.பி. நகல் ரெண்டும் எடுத்து வச்சுக்குங்க. ஒரு கல்லு போனா எல்லை போயிராது. எஃப்.எம்.பி.ல குறுக்கால ஜி-லைன்னு கோடு போட்டு, அதுலேர்ந்து ஆஃப்செட் குறிச்சுத்தான் ஒவ்வொரு மூலையையும் வச்சிருப்பாங்க, பக்கத்துல மிச்சம் இருக்கற ரெண்டு மூணு கல்லை வச்சு காணாமப் போனதை மறுபடி கண்டுபுடிக்கலாம். ஆனா சர்வேயர் ஒரே ஒரு கல்லை மட்டும் நம்பி அளந்தா நிறுத்துங்க, அந்தக் கல்லே நகந்திருக்கலாம், கல்லுக்கும் கல்லுக்கும் இருக்கற தூரம் படத்தோட ஒத்து வருதான்னு மொத பார்க்கச் சொல்லுங்க. அரசாங்கம் நட்ட கல்லை புடுங்கறது சட்டப்படி குற்றம்ங்கறதை பக்கத்து நிலத்துக்காரர்கிட்ட சண்டையா இல்லாம சொல்லி வைங்க.

டிப்ளமோ ரெண்டாம் வருஷம் படிக்கிறேன் சார். சர்வே பிராக்டிகல்ல எங்களை, பொண்ணுங்களை, எப்பவும் ஸ்டாஃப் புடிக்கத்தான் விடறாங்க. மெஷினை தொடவே முடியல.
- மாணவி, நாகர்கோவில்

கேட்டு வாங்கும்மா. பேட்ச்ல எத்தனை பேரோ அத்தனை பேரும் முறை வச்சு மெஷின், புக்கிங் (ரீடிங் எழுதறது), ஸ்டாஃப் மூணும் பண்ணணும்னு உங்க சார்கிட்ட போய் நேரா சொல்லு, நான் வாத்தியாரா இருந்தப்ப ஒரு பொண்ணு வந்து அப்படி கேட்டுத்தான் என் பேட்ச்லயே மாத்தினேன், அதுவரைக்கும் எனக்கே தோணல, அது என் தப்பு.

ஸ்டாஃப் புடிக்கறப்பவும் சும்மா நிக்காத. ஸ்டாஃப் முன்னாடியோ பின்னாடியோ சாஞ்சா ரீடிங் எப்பவும் அதிகமாத்தான் வரும், அதனால மெதுவா முன்னும் பின்னும் ஆட்டு, மெஷின்ல இருக்கறவங்களை இருக்கறதுலயே குறைஞ்ச ரீடிங்க எடுக்கச் சொல்லு.

உன் முறை வந்ததும் மொத வேலையா அந்த மெஷினை டெஸ்ட் பண்ணு. காலேஜ் மெஷின் எத்தனை கை மாறி எத்தனை தடவை கீழ இடிச்சிருக்கும்னு யாருக்கும் தெரியாது. 1808ல லாம்டனோட அரை டன் தியோடலைட்டையே (கோணம் அளக்கற கருவி) தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரத்துக்கு கயிறு கட்டி தூக்கறப்ப இடிபட்டு வளைஞ்சு போச்சு, மனுஷன் வாரக்கணக்கா கூடாரத்துக்குள்ள உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா நிமித்தி எடுத்தார். உன் டெஸ்ட்டுக்கு அவ்ளோ நாள் வேண்டாம். 60 மீட்டர் தள்ளி ரெண்டு முளை அடி, மெஷினை நட்ட நடுவுல வச்சு ரெண்டு ரீடிங்கும் எடுத்து கழி, நடுவுல இருக்கறதால மெஷின்ல கோளாறு இருந்தாலும் ரெண்டு பக்கமும் சமமா அடிபட்டு போயிரும், அதான் உண்மையான வித்தியாசம். அப்புறம் மெஷினை ஒரு முளைக்கு பக்கத்துல கொண்டு போய் வச்சு மறுபடி எடுத்து கழி. ரெண்டு விடையும் ஒண்ணா வருதான்னு பார்த்துட்டு, வரலைன்னா எவ்ளோ வித்தியாசம்னு குறிச்சு சார்கிட்ட காட்டு. எனக்கும் எழுது.